படகில்லாதவரின் தூண்டில்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில், 102 டிகிரி வெயிலில் குளக்கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாற்பது நிமிடம் சிக்கெடுத்தேன். தலைமுடிச் சிக்கென்றால் எண்ணெய் தடவி எடுத்துவிடலாம். இது மீன் தூண்டிலின் ரீலுக்குள், அதாவது நரம்பு சுற்றும் உருளைக்குள், சுருண்டு இறுகிய நரம்பு. ஒரு சுற்றை விடுவித்தால் உள்ளே நாலு சுற்று இறுகியது. பக்கத்தில் எட்டு வயது மகன், "அம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் வெட்டித்தான் எடுத்தேன். தேங்காய் நார் மாதிரி ஒரு கைப்பிடி வந்தது. அன்றைய பிடிப்பு அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸுக்கு வடக்கே, ஃபிரிஸ்கோ பக்கம். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பூங்காக் குளம் உண்டு. மகனின் வகுப்பில் ஒரு பையன் கையில் பாஸ் மீனோடு நிற்கும் போட்டோவைக் காட்டிவிட்டான். அப்புறம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. என் வீட்டுக்காரருக்கு மீன் குழம்பில் இருந்தால் போதும், குளத்தில் இருக்கும்போது அக்கறை கிடையாது. சரி, நானே கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினேன். மேலூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவளுக்குத் தூண்டில் தெரியாதா என்ற தெம்பு. மூங்கில் குச்சி, ரெண்டு பாகம் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, ஒரு கொட்டாங்குச்சி மண்புழு. கெண்டையும் ஜிலேபியும் நிறையப் பிடித்திருக்கிறேன். விரால் மட்டும் எங்கள் மாமாவின் இலாகா. அதற்குத் தவளை வேண்டும், பொறுமை வேண்டும், எனக்கு ரெண்டும் இல்லை.

பாஸ் என்றால் நம்மூரில் பலருக்குக் கொடுவா ஞாபகம் வரும். ஹோட்டல் மெனுவில் சீ பாஸ் என்று போடுவது பெரும்பாலும் அதைத்தான். டெக்சஸ் குளங்களில் இருப்பது வேறு சாதி. லார்ஜ்மவுத் பாஸ், நன்னீர் மீன். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை, வாயை மூடினால் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். குணத்தில் நம் விராலுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். துரத்திக்கொண்டு அலையாது. புல்லுக்கும் நிழலுக்கும் ஓரமாக ஒளிந்து நின்று, பக்கத்தில் வருவதைப் பாய்ந்து விழுங்கும். விராலைப் போலவே குஞ்சுகளுக்குக் காவல் நிற்கும். இதில் அந்த வேலை ஆண் மீனுடையது. இந்த உறவுமுறை அன்றைக்கே எனக்குப் புரிந்திருந்தால் இருநூறு டாலர் மிச்சம்.

புரியாததால் நேரே ஒரு பெரிய கடைக்குப் போனேன். அதற்கு முந்தின ரெண்டு வாரமும் இரவெல்லாம் வீடியோ பார்த்திருந்தேன். அதில் வருகிற எல்லாரும் பெயிட்காஸ்டர் ரீல்தான் வைத்திருந்தார்கள், அதனால் நானும் அதையே கேட்டேன். கடைப் பையனும் மறுக்கவில்லை. ராடு என்கிற தூண்டில் கம்பும் ரீலும் 130 டாலர். தண்ணீருக்குள் பத்தடி ஆழம் பாயும் கிராங்க்பெயிட் என்கிற பிளாஸ்டிக் மீன்கள் ஆறு, ஒவ்வொன்றின் வயிற்றிலும் வாலிலும் மும்முனைக் கொக்கி. 17 பவுண்டு எடை தாங்கும் ஃபுளோரோகார்பன் நரம்பு ஒரு கண்டு. எல்லாவற்றையும் அடுக்க, நகைக்கடைத் தட்டு மாதிரி அறை அறையாக ஒரு பெட்டி. பில் 230 டாலரைத் தாண்டியது.

வீடியோவில் நான் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். அவர்கள் எல்லாரும் படகில் நின்றார்கள்.

படகில் இருப்பவருக்கு முன்னால் ஏரி முழுக்கத் திறந்து கிடக்கிறது. பின்னால் மரமில்லை, கையை எப்படி வேண்டுமானாலும் வீசலாம். பத்துப் பதினைந்து ராடு அடுக்கி வைக்கலாம். கொக்கி எதிலாவது மாட்டினால் அங்கேயே போய் எடுத்துக்கொள்ளலாம். கரையில் நிற்கிற எனக்கோ முன்னால் மூன்றடி ஆழத் தண்ணீர், அடியில் பாசி, பின்னால் வில்லோ மரம். பத்தடி ஆழம் பாய வேண்டிய போலி மீன் மூன்றடியில் தரையைத் தோண்டியது. ஒவ்வொரு இழுப்புக்கும் அரைக்கிலோ பாசி. ரெண்டே வாரத்தில் ஆறில் ஐந்து போய்விட்டது. மூன்று தண்ணீருக்கடியில், ரெண்டு வில்லோ மரத்தில். இலையுதிர்ந்தால் அந்த ரெண்டும் இன்னும் தெரியும்.

பெயிட்காஸ்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் தப்பை எல்லாரும் அங்கேதான் செய்கிறோம். அதில் நரம்பு சுற்றிய உருளையே சுழன்று நரம்பை விடும். வீசின இரை காற்றில் வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுற்றினால், வெளியே போக வழியில்லாத நரம்பு உள்ளேயே கொப்பளித்துச் சிக்காகிவிடும். அதைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி அழுத்திக் கட்டுப்படுத்த வேண்டும். தறியில் நாடா ஓட்டுகிற மாதிரி கை தானாகச் செய்கிற வேலை அது, சொல்லிக்கொடுத்து வராது. இரை எடை குறையக் குறைய, எதிர்க்காற்று கூடக் கூடச் சிக்கு அதிகம். கரையில் நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் எடை குறைந்த இரைதான். கெட்ட கருவி இல்லை, நான் இப்போது அதையும் உபயோகிக்கிறேன். முதல் ராடாக மட்டும் வேண்டவே வேண்டாம்.

எங்களைக் கரையேற்றியது அந்தக் குளத்துக்கு வழக்கமாக வருகிற ஒரு பெரியவர். எழுபது வயது இருக்கும். ஒரு பெயிண்ட் வாளி, அதையே கவிழ்த்துப் போட்டு ஆசனம். ஒரே ஒரு ராடு. சட்டைப்பையில் ஒரு பாக்கெட் ரப்பர் புழு. நான் சிக்கெடுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்து, "இதைப் பிடி" என்று தன் ராடை என் மகன் கையில் கொடுத்தார். ஸ்பின்னிங் ரீல். உருளை சுற்றாது, நரம்பு அதன் மேலிருந்து தானாக உருவிக்கொண்டு போகும். பையன் மூன்றாவது வீச்சிலேயே குளத்தின் கால்வாசி தூரம் எறிந்துவிட்டான். எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை.

மறுநாள் ஆன்லைனில் தேடி, ராடும் ரீலும் சேர்த்து 60 டாலருக்கு ஒரு ஸ்பின்னிங் செட் வாங்கினேன். வாங்கும்போது பார்க்க வேண்டியதெல்லாம் ராடிலேயே அச்சடித்திருக்கும், கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில். என்னுடையதில் ஆறரை அடி, மீடியம், ஃபாஸ்ட், நரம்பு 6 முதல் 12 பவுண்டு, இரை எடை எட்டில் ஒன்று முதல் எட்டில் ஐந்து அவுன்ஸ் என்று இருக்கிறது. மீடியம் என்பது ராடின் பலம். ஃபாஸ்ட் என்பது அது எந்த இடத்தில் வளையும் என்பது. நுனியில் மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி உடம்பும் வளைந்தால் மாடரேட். ரப்பர் புழுவுக்கு நுனி வளைவதே நல்லது. மீன் லேசாகத் தொட்டாலும் கைக்குத் தெரியும், சுண்டினால் முள் உடனே ஏறும். நீளத்தில் ஏழடி இருந்தால் தூரம் கொஞ்சம் கூடும். ஆனால் மரமும் புதருமான கரையில் அந்த அரையடி கிளையில்தான் இடிக்கும். எங்கள் குளத்துக்கு ஆறரை சரி. வெட்டவெளிக் கரையுள்ள பெரிய ஏரிக்குப் போகிறவர்கள் ஏழடி வாங்கட்டும். காரில் வைக்க ரெண்டு துண்டாகக் கழலுகிற ராடே வசதி. ஒரே துண்டு ராடு உசத்தி என்பார்கள், அந்த வித்தியாசமெல்லாம் நமக்குத் தெரியப்போவதில்லை.

ரீலில் 2500 அல்லது 30 என்ற அளவு எண் இருந்தால் போதும். உள்ளே எத்தனை பேரிங் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வாங்கினதும் ரெண்டு பழக்கம் வேண்டும். நரம்பை உருளையின் விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் கீழ் வரை சுற்ற வேண்டும். ததும்பச் சுற்றினால் வளையம் வளையமாக உதிரும், குறைத்துச் சுற்றினால் தூரம் போகாது. வீசும்போது திறந்து நரம்பை விடுவதற்கு ரீலில் ஒரு வளையக் கம்பி இருக்கும். வீசியபின் அதைக் கையால் மடக்குங்கள், கைப்பிடியைச் சுற்றித் தானாக மூடவிட வேண்டாம். நரம்பு முறுக்கேறுவது குறையும். எந்தப் பெட்டியிலும் இதை எழுதியிருக்கவில்லை, வாளிக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

நரம்புக்கு வருவோம். கடையில் மூன்று வகை இருக்கும். பிரெய்டு மெல்லியது, துளிக்கூட நீளாது, பலம் அதிகம். ஆனால் எதிலாவது மாட்டிக்கொண்டால் அறுக்கவே முடியாது. கையில் சுற்றி இழுத்தால் விரலைத்தான் அறுக்கும். ஃபுளோரோகார்பன் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரிவது குறைவு, மூழ்கும், ஆனால் விறைப்பு. ஸ்பின்னிங் ரீலில் தடித்ததைச் சுற்றினால் சுருள் கம்பி மாதிரி துள்ளும். சாதாரண நைலான் மோனோதான் இருப்பதில் மலிவு. கொஞ்சம் நீளும், அந்த நீட்சி புது ஆளின் அவசரத்தைப் பொறுத்துக்கொள்ளும். முடிச்சும் நன்றாக நிற்கும். முதல் வருடம் முழுக்க 10 பவுண்டு மோனோ மட்டும்தான் வைத்திருந்தேன், நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டு. வெயிலில் கிடந்த பழைய நரம்பை நம்பி ஒரு நல்ல மீனை விட்ட கதையும் இருக்கிறது, அது வேண்டாம்.

முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும், பாலோமர். நரம்பை ரெட்டையாக மடித்து முள்ளின் காதுக்குள் நுழைத்து, சாதாரண முடிச்சாகப் போட்டு, மடிப்பின் நுனியில் மிஞ்சும் வளையத்துக்குள் முள்ளையே நுழைத்து இழுக்க வேண்டும். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்க வேண்டும். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். பூக்கட்டத் தெரிந்த கைக்கு இது ரெண்டு நாள் வேலை. என் மகன் எனக்கு முன்னால் கற்றுக்கொண்டான்.

இனி இரை. மாமாவிடம் போனில் ரப்பர் புழு என்றதும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "என்ன தாயி, ரப்பரைப் போயி மீனு திங்குமா? அந்த ஊரு மீனு என்ன அம்புட்டுக் கூமுட்டையா?" கூமுட்டைதான் போலிருக்கிறது, எழுபது வருடத்துக்கு மேலாக ஏமாறுகிறது. 1949இல் ஒஹாயோ மாநிலத்து ஏக்ரனில் நிக் கிரீம் என்பவர் தம் வீட்டில் உருக்கி வார்த்த பிளாஸ்டிக் புழுவில் தொடங்கிய தொழில் இது. அவருடைய கம்பெனி பிற்பாடு டெக்சஸுக்கே, எங்களுக்குக் கிழக்கே இருக்கும் டைலர் ஊருக்கு வந்துவிட்டது. இந்தப் புழுவைப் பாசியில் மாட்டாதபடி கோக்கும் முறைக்கும் டெக்சஸ் ரிக் என்றே பெயர்.

கரையில் நிற்பவருக்கு அதைவிடப் பெரிய வரம் இல்லை என்பேன், அதனால் செய்முறையை நிதானமாகச் சொல்கிறேன். ஐந்து அங்குலப் புழு, 3/0 அளவில் கழுத்து மடங்கிய முள், துப்பாக்கி ரவை வடிவத்தில் எட்டில் ஒரு அவுன்ஸ் எடைக்குண்டு. அதாவது மூன்றரை கிராம். முதலில் நரம்பைக் குண்டுக்குள் கோருங்கள், குண்டின் கூர்ப்பக்கம் ராடைப் பார்க்க வேண்டும். பிறகு முள்ளைக் கட்டுங்கள். முள்நுனியைப் புழுவின் தலையில் நேராகக் கால் அங்குலம் இறக்கிப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். முள்ளின் காது தலைக்குள் மறைகிற வரை மேலே ஏற்றுங்கள். இப்போது முள்ளைப் பாதி வட்டம் திருப்பினால் நுனி புழுவைப் பார்த்து நிற்கும். புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் வளைவு எந்த இடத்தில் வருகிறது என்று நகத்தால் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் குத்தி மறுபக்கம் எடுங்கள். வெளியே வந்த நுனியைத் தோலுக்கடியில் லேசாகச் செருகி மறைத்துவிடுங்கள். புழு ஈர்க்குச்சி மாதிரி நேராக இருக்க வேண்டும். எங்காவது கூன் விழுந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கேறும், மறுபடியும் சிக்கு. சரியாக வந்தால் அந்தப் புழுவைப் புல்லுக்குள், கிளைக்குள், கல்லுக்குள் எங்கே வேண்டுமானாலும் போடலாம். முள்நுனி மீன் கடித்தால்தான் வெளியே வரும். நான் ஒரு மாதத்தில் தொலைத்தது ரெண்டே முள். ஒன்று அரை டாலர்கூட இல்லை.

இன்னும் சோம்பலான முறை ஒன்று உண்டு, வாக்கி ரிக். புழுவின் நடுவயிற்றில் ஒரு சின்ன முள்ளைக் குறுக்கே குத்தினால் முடிந்தது. எடைக்குண்டு கிடையாது. ரெண்டு முனையும் ஆட, மெதுவாக இறங்கும். பாசியில்லாத இடத்தில் இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. நிறத்தைப் பற்றி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தெளிந்த தண்ணீருக்கு மங்கின பச்சை, கலங்கினதற்குக் கறுப்பும் நீலமும். எங்கள் பக்கம் மழை பெய்தால் குளமெல்லாம் டீ நிறம், கறுப்பு பாக்கெட்தான் சீக்கிரம் தீரும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஆகஸ்ட் முழுக்க ஒரு பாஸ்கூட வரவில்லை. பையன் சோர்ந்துவிடக் கூடாதே என்று அதே ராடில் சின்ன முள்ளும் தக்கையும் கட்டி, கடையில் வாங்கின மண்புழுவைக் கோத்துக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு நீலச்செவுள் மீனாக, புளூகில் என்பார்கள், ஒரு மணி நேரத்தில் ஏழு பிடித்தான். குழந்தையோடு போகிறவர்கள் இந்த ஏற்பாட்டைக் கைவசம் வைத்திருங்கள். பாஸ் கடிக்காத நாட்களில் மானம் காக்கும்.

குற்றம் என் கையில் என்று கண்டுபிடித்தது மாமாதான். ஒரு நாள் சாயங்காலம், அவருக்கு விடிகாலை, வீடியோ காலில் குளத்தைக் காட்டிக்கொண்டே வீசினேன். பலத்தையெல்லாம் கூட்டி நடுக்குளத்துக்கு.

"ஏ தாயி, எங்கிட்டு எறியிற?"

"நடுவுல மாமா. ஆழத்துலதான மீன் இருக்கும்?"

"விரா எங்கிட்டு நிக்கும்?"

"கரையோரம், புல்லுக்குள்ள."

"இதுவும் வெராலு மாதிரின்னு நீதான சொன்ன. அப்ப மீனு நிக்கிறது ஒன் காலுக்குப் பக்கத்துல. நீ தொம்முதொம்முன்னு அது தலைமேல நடந்து போயி, அது இல்லாத எடத்துல எறிஞ்சுக்கிட்டிருக்க."

வீடியோ பார்த்த ரெண்டு வாரத்தில் கிடைக்காதது இதுதான். படகுக்காரர் நடுவில் நின்று கரையைப் பார்த்து வீசுகிறார். கரையில் நிற்கிற நான் நடுவைப் பார்த்து வீசினேன். மீன் என்னவோ ரெண்டு பேருக்கும் ஒரே இடத்தில்தான். அன்றிலிருந்து தண்ணீரை விட்டுப் பத்தடி தள்ளியே நின்று, கரைக்கு இணையாக, புல்விளிம்பை ஒட்டி வீசினேன். முதலில் பக்கத்துத் தண்ணீர், பிறகு தூரம். நடையும் மெதுவாக. மீனுக்கு உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோட்டில் அதிர்வு தெரியும், கரையில் கால் மிதிப்பதும் எட்டும். எந்தக் குளத்துக்குப் போனாலும் மழைநீர்க் குழாய் வந்து விழும் இடம், மதகு ஓரக் கற்குவியல், பலகைத் துறையின் நிழல், சாய்ந்த மரம் ஆகிய நாலையும் முதலில் பார்க்கிறேன். டாலஸ் நகரத்துக்குள்ளேயே இருக்கும் வொயிட் ராக் ஏரிக்குப் போனாலும் இதே கணக்குதான். ஏரி ஆயிரம் ஏக்கர் என்று மலைக்க வேண்டியதில்லை, நமக்கு வேண்டியது கரையை ஒட்டின இருபதடி.

செப்டம்பர் கடைசி, வெயில் தணிந்த ஒரு காலை. ஏழு மணி. துறைப் பலகையின் நிழல் தண்ணீரில் எங்கே முடிகிறதோ அங்கே வாக்கி ரிக்கைப் போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். சும்மா நிற்பதுதான் எனக்குக் கஷ்டமான வேலை. நரம்பு தொய்ந்து தண்ணீர்மேல் கிடந்தது. அந்தத் தொய்வு ஒருமுறை துடித்தது, பிறகு பக்கவாட்டில், யாரோ மெதுவாக இழுத்துக்கொண்டு போவது போல நகர ஆரம்பித்தது. கைக்கு ஒன்றுமே தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டு ஒரு சுண்டு. ராடு வில்லாக வளைந்தது. ரீலின் டிராக் கிர்ரென்று நரம்பை விட்டது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, அந்த அகல வாயைத் திறந்து தலையை உதறியபோது எனக்குக் கால் நடுங்கியது. மகன் கத்திய கத்தலில் வாத்தெல்லாம் பறந்துவிட்டது.

பதினைந்து அங்குலம். பெரிய மீன் இல்லை. கீழ்த்தாடைக்குள் கட்டைவிரலை விட்டுப் பிடித்தேன், பல் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று. அதற்குப் பிறகு ரெண்டு நாள் அந்தத் தேய்ந்த விரலை ஆபீஸில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பிடித்தால் தாடையோடு செங்குத்தாகப் பிடியுங்கள், படுக்கவைப்பதென்றால் வயிற்றுக்கு இன்னொரு கை கொடுங்கள். கனமான மீனைத் தாடையில் மட்டும் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டினால் தாடை பாழாகும். கையை முதலில் நனைத்துக்கொள்ள வேண்டும். முள்ளைக் கழற்ற நீள மூக்குக் குறடு ஒன்று கட்டாயம், எட்டு டாலர். முள்ளிலுள்ள எதிர்முள்ளை அதே குறடால் நசுக்கிவிட்டால் மீனுக்கும் நல்லது, பையனின் காதுக்கும் நல்லது.

அன்றைக்கு டிராக் ஒழுங்காக வேலை செய்தது அதிர்ஷ்டம் இல்லை. ரீலின் தலையில் இருக்கும் அந்தத் திருகை, நரம்பின் பலத்தில் கால் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் விட்டுக்கொடுக்கும்படி வைக்க வேண்டும். தராசு வேண்டாம். கையால் நரம்பைப் பிடித்து இழுத்தால் முரண்டு பிடித்துக்கொண்டே வர வேண்டும். பெரியவர் சொன்ன அளவு அது.

உரிமம் விஷயத்திலும் ஒரு கோமாளித்தனம் செய்தேன். டெக்சஸில் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டாம், கூட நின்று பிடிக்கிற அம்மாவுக்கு வேண்டும். நன்னீர் உரிமம் உள்ளூர்வாசிக்கு அப்போது 30 டாலர். ஜூலையில் வாங்கிவிட்டு ஒரு வருடத்துக்குக் கவலையில்லை என்றிருந்தேன். அதன் வருடக்கணக்கு ஆகஸ்ட் 31 அன்றோடு முடிகிறது. ஒன்றரை மாதத்தில் மறுபடியும் 30 டாலர். மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமமே தேவையில்லை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ரே ராபர்ட்ஸ் ஏரிப் பூங்காவுக்குச் சுற்றுலாவாகப் போய்விடுகிறோம். பொதுவாகப் பாஸ் மீன் 14 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் திரும்ப விட வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து. சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறோம். வீட்டுக்காரருக்கு மட்டும் இது புரியவே இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது செருப்பு. முதல் மாதம் செருப்போடு போய் நெருப்பெறும்புப் புற்றின் மேல் நின்றேன். கொப்புளம் ஆற ஒரு வாரம். முழு ஷூவும் நீள பேன்ட்டும் போடுங்கள், பாம்பும் உண்டு. போலரைஸ்டு கண்ணாடி இருபது டாலருக்குக் கிடைக்கிறது, போட்டால் தண்ணீரின் பளபளப்பு போய்க் கரையோரத் தரை தெரியும். அறை அறையான அந்தப் பெட்டியில் இப்போது என் தையல் சாமான் இருக்கிறது. தோளில் மாட்டுகிற ஒரு பை போதும். வெட்டிப்போட்ட நரம்பைக் கரையில் விட்டுவராதீர்கள். எங்கள் குளத்தில் ஓர் ஆமையின் கழுத்திலிருந்து ஒரு முழ நரம்பை நானே அறுத்திருக்கிறேன். அது என்னுடைய ஜூலை நரம்பாகவும் இருக்கலாம்.

ஆக, இன்றைக்கு ஒருவர் என்னிடம் கேட்டால் நூறு டாலருக்கு மேல் சொல்ல மாட்டேன். ராடும் ரீலும் அறுபது, நரம்பு எட்டு, புழு ரெண்டு பாக்கெட், முள், குண்டு, குறடு. மிச்சம் இருந்தால் சுழலும் தகடு வைத்த சின்ன ஸ்பின்னர் ஒன்று, வீசிச் சுற்றினாலே வேலை செய்யும், காற்றடிக்கிற நாளுக்கு. தவளை வடிவப் போலி இரை பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், பாசிமேல் குதித்துப் போகும். அதற்குக் கனத்த ராடும் தடித்த பிரெய்டும் வேண்டும், ரெண்டாவது வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வகைவகையாக வாங்கத் துடிக்கிறபோதெல்லாம் நான் ஜார்ஜ் பெர்ரியை நினைத்துக்கொள்வேன். 1932 ஜூனில் ஜார்ஜியா மாநிலத்தில் அவர் பிடித்த லார்ஜ்மவுத் பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், பத்து கிலோவுக்கு மேல், உலக சாதனை. 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாகப் பிடிக்கும்வரை ஈடே இல்லாமல் நின்றது. அன்றைக்கு அவரும் நண்பரும் ஒரே ஒரு ராடை மாற்றி மாற்றி வீசினார்களாம். மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். வீட்டுக்காரர் இந்தக் கதையின் கடைசி வரியை மட்டும் அடிக்கடி சொல்லுவார்.

போன வருடம் பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவுக்கு ஒரு ஸ்பின்னிங் செட்டும் நாலு பாக்கெட் கறுப்புப் புழுவும் கொண்டுபோனேன். ஜூன் மாதம், கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாமா அதற்கெல்லாம் அசரவில்லை. முள்ளைக் கழற்றிவிட்டு வெறும் புழுவைக் கட்டச் சொன்னார். களத்துமேட்டில் நின்று, வளையக் கம்பியைத் திறந்து, நான் சொன்னபடி விரலில் நரம்பைக் கோத்து ஒரு வீசு வீசினார். முதல் வீச்சே முப்பதடி. வைக்கோற்போருக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. மெதுவாகச் சுற்ற ஆரம்பித்ததும் போருக்குப் பின்னாலிருந்து ஒரு சேவல் பாய்ந்து வந்து புழுவைக் கவ்வியது.

"அட, திங்குது தாயி!" என்றார் மாமா.